மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகிறீர்களா? சில பயனுள்ள குறிப்புகள்

ஸ்கூபா கற்றுக்கொண்டு, பவளப்பாறையும் வண்ண மீனும் பார்த்துப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை மூழ்கிய கப்பல். மட்டக்களப்புக் கடலுக்கும் பாலிக்கும் எகிப்தின் செங்கடலுக்கும் இதற்கென்றே பயணம் போகிறவர்கள் உண்டு. கப்பலின் இருட்டறைக்குள் புகுந்து வெளியே வருவதுதான் சாகசம் என்று ஒரு நினைப்பு பலரிடம் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. விடுமுறைக்கு டைவ் செய்கிறவருக்கு வெளிப்புறத்திலேயே பார்க்க ஏராளம் இருக்கிறது. அதை நிம்மதியாகப் பார்க்க முடியுமா என்பதில் பாதி, வீட்டில் பெட்டி கட்டும்போதே முடிவாகிவிடும்.

1. கப்பலின் புகழைப் பார்க்காதீர்கள், ஆழத்தைப் பாருங்கள். ஓபன் வாட்டர் சான்றிதழ் உள்ளவருக்கு எல்லை 18 மீட்டர். அட்வான்ஸ்டு முடித்தவருக்கு 30. ஆழத்துக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவருக்கு 40. பொழுதுபோக்கு டைவிங் அத்தோடு சரி. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹெர்மிஸ், விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் என்ற பெருமைக்குரியது. ஆனால் அது கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. அதே நாளில் அதே விமானங்களிடம் அகப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல், கல்குடாவுக்கு அப்பால் ஏறக்குறைய 25 மீட்டரில் கிடக்கிறது. அட்வான்ஸ்டு சான்றிதழோடு போகிறவருக்கு இதுதான் சரி. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஹெர்மிஸைப் பார்க்காமல் போவதா’ என்று யாராவது தூண்டிவிட்டால் காதில் வாங்காதீர்கள்.

2. முதன்முதலாகக் கப்பல் பார்க்கிறவருக்குப் பாலித் தீவின் துலாம்பன் கிராமத்தில் கிடக்கும் ‘லிபர்ட்டி’யைவிட நல்ல இடம் சொல்வது கடினம். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டு, கரையில் கொண்டுவந்து ஏற்றப்பட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல் இது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது மறுபடி கடலுக்குள் சரிந்தது. மேல் பகுதி 5 மீட்டரிலும் அடி 30 மீட்டரிலும் இருப்பதால் அவரவர் தகுதிக்கேற்ற உயரத்தில் நீந்தலாம். படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்து இறங்கலாம். சிலிண்டரைத் தலையில் தூக்கிக்கொண்டு கூழாங்கல் கரையில் விறுவிறுவென்று நடக்கும் உள்ளூர்ப் பெண்களைப் பார்த்தால், நம் முதுகில் அதே சிலிண்டரை மாட்டிக்கொண்டு முனகுவதற்குக் கூச்சமாக இருக்கும்.

3. டிக்கெட் எடுக்குமுன் பருவத்தைப் பாருங்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை கடல் அடங்கியிருக்கும். கொழும்பு, ஹிக்கடுவைப் பக்கத்துக் கப்பல்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மாற்றிப் போட்டால் ஓட்டல் வாசலில் உட்கார்ந்து அலையை எண்ணலாம்.

4. சளி, மூக்கடைப்பு இருந்தால் டைவை ரத்து செய்யுங்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போது அதன் வேகம் தீர்ந்து, மேலே வரும்போது காதுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும்; இறங்கும்போது வரும் வலியை விட இது பொல்லாதது. இறங்காமல் இருந்துவிடலாம், ஏறாமல் இருக்க முடியாதே! சொத்தைப் பல்லையும் பயணத்துக்கு முன்பே அடைத்துவிடுங்கள். காதில் எண்ணெய் விடுவது, பட்ஸ் போட்டுக் குடைவது இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் டாக்டரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் போகக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு டைவிங்கே கூடாது.

5. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். கப்பல் என்றால் துரு. துரு என்றால் கீறல்.

6. மீசைக்காரர்களுக்கு: மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிவதற்குப் பெரும்பாலும் மீசையின் மேல் விளிம்புதான் காரணம். மூக்குக்குக் கீழே ஒரு நூல் அகலத்துக்கு மழித்துவிட்டால் ரப்பர் தோலோடு ஒட்டும். மீசையை எடுக்கவே வேண்டியதில்லை.

7. நீளக் கூந்தல் உள்ளவர்கள் தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, அகலமான துணிப் பட்டையால் நெற்றி முடியை ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். மாஸ்க்குக்கு அடியில் நாலு முடி மாட்டினாலே கசியும். அன்று காலை தலைக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம். முகத்தில் சன்ஸ்கிரீனைக் குழைத்துப் பூசுவதும் வேண்டாம்; மாஸ்க் வழுக்கும், கண்ணும் எரியும்.

8. புது மாஸ்க்கின் கண்ணாடியில், தயாரிப்பின்போது படிந்த சிலிக்கோன் படலம் ஒன்று இருக்கும். அதோடு இறங்கினால் ஓயாமல் ஆவி படியும். ஜெல் வகை இல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையைக் கண்ணாடியின் உட்புறம் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. கண்ணாடிக்கு ரசாயனப் பூச்சு உண்டு என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் தேய்க்கக்கூடாது. டைவுக்குச் சற்று முன்பு, தண்ணீர் கலந்த குழந்தை ஷாம்பூ இரண்டு சொட்டு தடவி அலசினால் போதும். எச்சில் தடவுவதும் வேலை செய்யும். பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

9. கண்ணாடி அணிபவர்கள், பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க்கை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

10. தாலிக்கொடி, சங்கிலி, மோதிரம் எல்லாம் அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும். கடலில் நேரம் ஆக ஆக விரல் குளிர்ந்து சுருங்கும். மோதிரம் கழன்று விழுவதே தெரியாது. சங்கிலி, துருப்பிடித்த கம்பியில் மாட்டினால் கழுத்துக்கு ஆபத்து. தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் கோத்து, வெட்சூட்டுக்குள் அடங்கியிருக்கும்படி போட்டுக்கொள்ளலாம்.

11. டார்ச் இரண்டு வேண்டும். ஒன்று அணைந்தால் இன்னொன்று என்பதற்காக மட்டுமல்ல. தண்ணீரில் முதலில் தொலையும் நிறம் சிவப்பு. பத்து மீட்டரைத் தாண்டினால் துருவும் செம்பவளமும் ஒரே சாம்பல்தான். டார்ச்சை அடித்த இடம் மட்டும் ஒரு தட்டளவுக்குச் செக்கச்செவேலென்று எழும்பும். சாம்பல் நிறத் தூணில் குங்கும நிறக் கடற்பஞ்சும் மஞ்சள் பவளமும் அப்போதுதான் தெரியும். டார்ச்சின் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தில் ஒற்றை முடியோ மணலோ இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சிலிக்கோன் கிரீஸ் மெலிதாகத் தடவி மூடுங்கள். ஊருக்குத் திரும்பியதும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

12. விமானத்தில்: உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், கத்தியும் கத்தரியும் லக்கேஜில்தான் போக வேண்டும். அவசரத்தில் மாற்றி வைத்து, விமான நிலையத்தில் இரண்டையும் இழந்தவர்கள் நிறைய.

13. மூழ்கிய கப்பலில் சுறாவுக்குப் பயப்படுகிறவர்கள் அதிகம். பயப்பட வேண்டியது வலைக்கு. கப்பலில் மீன் சேரும். மீன் சேரும் இடத்தில் வலை விழும். விழுந்த வலை இரும்பில் மாட்டி அறுந்து அங்கேயே தங்கும். தங்கூசி வலை தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. சிலிண்டரின் கழுத்தில் மாட்டினால் நம் கைக்கும் எட்டாது. இதற்குச் சினிமாவில் காட்டும் பெரிய கத்தி வேண்டாம். ஆம்புலன்ஸ்காரர்கள் துணி வெட்டும் மொக்கை முனைக் கத்தரி விலையும் குறைவு, நைலானையும் நன்றாக வெட்டும். நெஞ்சுப் பக்கம், எந்தக் கையாலும் எடுக்கும்படி வையுங்கள். மாட்டிக்கொண்டால் திரும்பவோ உதறவோ கூடாது. திரும்பினால் இன்னும் சுற்றும். அப்படியே நின்று, ஒரு சாண் பின்னால் போய்ப் பாருங்கள்; விடவில்லையென்றால் துணையை வெட்டச் சொல்லுங்கள். துணைவர் கூப்பிடு தூரத்தில் அல்ல, கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

14. இறங்குமுன் கப்பலின் வரைபடத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். எது முன்பகுதி, எது பின்பகுதி, நங்கூரக் கயிறு எங்கே கட்டியிருக்கிறது, கப்பல் எப்படிக் கிடக்கிறது, இந்த நான்கும் தெரிந்தால் போதும். சைப்ரஸின் லார்னகாவுக்கு அப்பால், 1980இல் லாரிகளோடு மூழ்கிய செனோபியா இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறது. அங்கே தரை சுவராகவும் சுவர் கூரையாகவும் இருக்கும். நிமிர்ந்த கப்பலை மனதில் வைத்துக்கொண்டு போனால் தலை சுற்றும்.

15. காற்றுக் கணக்கை வீட்டிலேயே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருப்பது 2,400 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடுவதால், 30 மீட்டரில் அது நிமிடத்துக்கு 80 லிட்டர் ஆகிவிடும். 2,400ஐ 80ஆல் வகுத்தால் 30 நிமிடம். அதுவும் சிலிண்டர் காலியாகும் வரை! படகில் ஏறும்போது 50 பார் மிச்சம் இருக்க வேண்டும், மேலே வரவும் காற்று வேண்டும். ஆக கையில் இருப்பது முக்கால் வாசிகூட இல்லை. படபடப்பு வந்தால் மூச்சு இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். இதோடு, சாதாரணக் காற்றில் 30 மீட்டரில், மேலே வரும் வழியில் கட்டாய இடைநிறுத்தம் தேவைப்படாமல் தங்குவதற்கு அட்டவணை தரும் நேரமே 20 நிமிடம்தான். 18 மீட்டரில் அது 56. ஆழம் குறைந்த கப்பலை நான் சிபாரிசு செய்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

16. டைவ் காலையில் இட்லி, வாழைப்பழம், தேவையான தண்ணீர் போதும். பூரி மசாலா, பிரியாணி எல்லாம் மதியத்துக்கு. முந்தின இரவு மது கூடாது. படகில் குமட்டுபவர்கள் ஒரு துண்டு இஞ்சியை அடக்கிக்கொண்டு, தொலைவில் அடிவானத்தைப் பார்த்து உட்காருங்கள். குமட்டல் மாத்திரை போடுவதாக இருந்தால், டைவ் இல்லாத ஒரு நாளில் போட்டுப் பார்த்து, தூக்கம் வருகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

17. பணம் கட்டுமுன் டைவ் கடையில் கேட்க வேண்டியவை: படகில் ஆக்ஸிஜன் உண்டா? மிக அருகில் அழுத்த அறை சிகிச்சை எங்கே கிடைக்கும்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? சிரித்து மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

18. கப்பலுக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஏறுங்கள். நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் திறந்த கடலில் கிடக்கும் கப்பல்களின் மேல் பலமாக ஓடும். கயிற்றை விட்டவர் கப்பலையே பார்க்காமல் போய்விடுவார். ஓட்டம் இருந்தால் கப்பலின் மறைவுப் பக்கமாக நீந்துங்கள்.

19. உள்ளே நுழையலாமா? பயிற்சி இல்லாதவருக்கு ஒரே பதில்: கூடாது. கதவருகே நின்று டார்ச் அடித்துப் பாருங்கள், சரக்கறையின் திறந்த வாய்க்கு மேலே மிதந்து எட்டிப் பாருங்கள், அத்தோடு நிறுத்துங்கள். பல வருஷமாகப் படிந்த வண்டல் மாவுபோல மெல்லியது. ஃபின்னை ஒரு தடவை தவறாக உதைத்தால் புகைபோல எழும்பும். கையிலுள்ள டார்ச்சின் முனைகூடத் தெரியாது. நீங்கள் அசையாமல் இருந்தாலும் நீங்கள் விடும் குமிழிகள் கூரையில் மோதித் துருவை உதிர்க்கும். உள்ளே போகும்போது தெளிவாக இருந்த வழி, திரும்பும்போது இருக்காது. நேராக மேலே போகலாம் என்றால் தலைக்கு மேல் இரும்பு. முறைப்படி கப்பல் பயிற்சி முடித்தவருக்கே விதி கடுமையானது: நீர்மட்டத்திலிருந்து ஆழமும் உள்ளே போகும் தூரமும் சேர்ந்து 40 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதாவது 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பலுக்குள் பத்தே மீட்டர். வாசல் வெளிச்சம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வழிநூல் கட்டிக்கொண்டு போக வேண்டும், காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு ஆபத்துக்கு. ‘நான் முன்னால் போகிறேன், பின்னால் வாருங்கள்’ என்று வழிகாட்டி கூப்பிட்டாலும் தலையை ஆட்டி மறுத்துவிடலாம். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

20. காலை மேலும் கீழும் அடிக்காமல், தவளைபோல முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் உதையுங்கள். வெளிப்புறத்தில் நீந்தும்போதும் இதுதான் நல்லது. வண்டல் கிளம்பாது, பின்னால் வருபவர் திட்டமாட்டார். தொங்கும் மீட்டர், மாற்று ரெகுலேட்டர் எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டி மாட்டிக்கொள்ளுங்கள்.

21. வெளியே எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: முதலில் பின்பகுதிக்குப் போய்ப் புரொப்பெல்லரையும் சுக்கானையும் பாருங்கள், கப்பல் எவ்வளவு பெரியது என்பது அங்கேதான் உறைக்கும். பிறகு மேலேறி நங்கூரச் சங்கிலி, கயிறு சுற்றும் கட்டைகள், பளுதூக்கிக் கம்பங்கள், பீரங்கி இருந்தால் பீரங்கி. ஆழமான பகுதியை முதலில் முடித்துவிட்டு மெல்ல மெல்ல மேலே வரவேண்டும். காற்றும் மிச்சமாகும், டைவ் கம்ப்யூட்டரும் கோபிக்காது.

22. எதன் மேலும் கை வைக்காதீர்கள். கப்பலின் விளிம்புகளில் கல்லோடு கல்லாக விஷமுள் மீன்கள் உட்கார்ந்திருக்கும், அழகான சிங்கமீனும் அவற்றுக்கு உறவுதான். குத்திவிட்டால் மேலே வந்து, பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் காயத்தை அமிழ்த்தி வையுங்கள், வலி குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு டாக்டர்.

23. நினைவுக்கு ஒரு ஆணிகூட எடுத்து வராதீர்கள். செங்கடலில் ஷாப் அலி என்ற இடத்தில் 30 மீட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் திஸில்கார்ம், உலகத்தில் அதிகம் பேர் டைவ் செய்யும் கப்பல்களில் ஒன்று. பிரிட்டிஷ் படைக்கு பெட்ஃபோர்டு லாரிகள், பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்கள், துப்பாக்கிகள், ரப்பர் பூட்ஸ், ரயில் எஞ்சின்கள்வரை ஏற்றிக்கொண்டு போன கப்பல். 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மன் விமானக் குண்டு வெடிமருந்து அறையில் விழுந்ததில் கப்பல் உடைந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். சரக்கறையில் லாரிகளின் மேல் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் பல வண்டிகளின் பாகங்களை ஆளாளுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். படகுகள் கப்பலிலேயே கயிறு கட்டி இழுத்ததில் இரும்பும் பெயர்ந்தது. வீட்டு அலமாரிக்கு வந்த பித்தளையை யார் பார்க்கப் போகிறார்கள்? வெடிக்காத குண்டு கிடந்தால் அதன் பக்கமே போக வேண்டாம். ஹெர்மிஸோடு முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இந்தக் கப்பல்கள் கல்லறைகளும்கூட.

24. மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள், கயிற்றைப் பிடித்தபடி. கயிறு தவறிவிட்டால் காட்டுவதற்கு ஊதும் மிதவைக் குழாய் ஒன்று பையில் இருக்கட்டும்.

25. வீடு திரும்பியதும் முதல் வேலை, சாமான்களை நல்ல தண்ணீரில் ஊறப்போடுவது. மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதாது. உப்பு உள்ளே காய்ந்து படிகமாகிவிடும். ரெகுலேட்டரை நனைக்குமுன் தூசு மூடியைத் துடைத்துக் காயவைத்து, இறுக்கிப் பூட்டுங்கள். ஊறும்போது வாய்ப்பகுதியின் நடுப் பொத்தானை அமுக்கக்கூடாது. அமுக்கினால் தண்ணீர் குழாய் வழியாக உள்ளே போய்விடும். மிதவைச் சட்டைக்குள்ளும் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்துங்கள். வெட்சூட்டை மெல்லிய கம்பி ஹேங்கரில் மாட்டினால் தோள்பட்டை மடிந்து வெடிக்கும். அகலமான கட்டை ஹேங்கர் வேண்டும்.

26. இறுகிப்போன ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். நிறமற்ற சிலிக்கோன் மாஸ்க்கைக் கறுப்பு ரப்பர் பொருளோடு ஒரே பையில் போட்டு வைத்தால் கறை பிடிக்கும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மாஸ்க்குக்குத் தனி டப்பா.

27. ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்கள் செய்திருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது. நான் ஒரு முழு நாள் விடச் சொல்வேன். மலை ஏறுவதும் விமானம் ஏறுவதுபோலத்தான். காலையில் பாசிக்குடாவில் டைவ் செய்துவிட்டு, மாலையில் வேன் பிடித்து நுவரெலியா போவதாகத் திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நுவரெலியா இருப்பது 1,868 மீட்டர் உயரத்தில். பயணத்தைத் தலைகீழாக்கி, மலையை முதலிலும் கடலைப் பிறகும் வைத்துக்கொண்டு, கடைசி நாளைக் கடற்கரையில் சும்மா கழியுங்கள்.

28. டைவ் முடிந்து ஒரு நாளைக்குள் மூட்டுவலி, மரமரப்பு, தலைச்சுற்றல், காரணமில்லாத பெரும் அசதி, தோலில் திட்டு வந்தால் ‘சிலிண்டர் தூக்கிய வலி’ என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடாதீர்கள். ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டியிருக்கலாம். ஆக்ஸிஜன் கிடைத்தால் உடனே கொடுக்க வேண்டும், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, நீங்கள் டைவ் செய்தீர்கள் என்பதையும், எத்தனை மணிக்கு, எத்தனை மீட்டர் என்பதையும்தான். டைவ் கம்ப்யூட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள்.